ஊருணியும் வீட்டுக் கிணறும்: செஞ்சிச் சாலையில் பேருந்தும் மகிழுந்தும்

செஞ்சி என்னும் பெயரைக் கேட்ட அளவில் தேசிங்கு ராசனும் அவன் குதிரையும் நம் நெஞ்சில் தோன்றுவது இயல்பு. தேஜ்சிங் என்னும் அவ்விளைஞன் 1714ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது மாய்ந்தான். அவனோடு தோளொடு தோள் நின்று உயிர் நீத்தவன் அவன் நண்பன் மகபத்கான். அந்நட்பைக் கதைப்பாடல் இன்றளவும் பேசி வருகிறது. தேசிங்கின் குதிரை ஒருவனுக்கே உரிய ஊர்தி. அதன் வேகத்தை நாடு நினைவில் வைத்திருக்கிறது. அவன் பின்னே நடந்து சென்ற வீரர்களின் கால்களை நினைப்பார் இல்லை.

அதே கோட்டையின் ஊடாக இன்று திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஓடுகிறது. ஒருபுறம் ராஜகிரி, மறுபுறம் கிருஷ்ணகிரி. நடுவே பேருந்துகளும் மகிழுந்துகளும் இரு சக்கர வண்டிகளும் விரைகின்றன. இன்றைய குதிரைகள் மகிழுந்துகளே. அவற்றை வாங்க இயன்றோர் நாள்தோறும் பெருகி வருகின்றனர். அவ்வாறு இயலாதோர் பேருந்தை நம்பி நிற்கின்றனர். நாள்தோறும் பணிக்கும் படிப்புக்கும் செல்வதற்குப் பேருந்து ஏற்றதா, சொந்த மகிழுந்து ஏற்றதா என்னும் வினாவைப் பலரும் தத்தம் வசதியை மட்டும் அளவுகோலாகக் கொண்டு ஆராய்கின்றனர். அவ்வினாவில் பிறருடைய வாழ்வும் அடங்கியிருக்கிறது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் ஊருணியையும் ஊர் நடுவே பழுத்த மரத்தையும் உவமையாக அமைத்துள்ளமை மாணவர் அறிந்ததே. ஊரார் அனைவரும் உண்ணும் நீர்நிலை ஊருணி. அனைவரும் அதில் நீர் முகந்த காலத்தில் அதன் கரையைக் காப்பதும் வண்டல் எடுப்பதும் அனைவரின் கடனாக இருந்தன. வசதி படைத்தோர் தத்தம் வீட்டில் கிணறு வெட்டிக்கொண்ட பின்னர் ஊருணியைக் கேட்பாரற்றுப் போயிற்று. கிணறு வெட்டியது குற்றமன்று. ஆயினும் கிணறு இல்லாதவன் கலங்கல் நீரைக் குடிக்க நேர்ந்தது. பேருந்து நம் காலத்து ஊருணி. மகிழுந்து வீட்டுக் கிணறு.

தொடர்வண்டி எட்டாத ஊர்

செஞ்சிக்குத் தொடர்வண்டி நிலையம் இல்லை. கிழக்கே திண்டிவனம் வழியாகச் சென்னை–விழுப்புரம் இருப்புப்பாதை செல்கிறது. மேற்கே திருவண்ணாமலை வழியாக விழுப்புரம்–காட்பாடி இருப்புப்பாதை செல்கிறது. இரண்டுக்கும் இடையில் அமைந்தது செஞ்சி. திண்டிவனத்தையும் திருவண்ணாமலையையும் செஞ்சி வழியே இணைக்கும் புதிய பாதைக்கான திட்டம் வகுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. வண்டி இன்னும் ஓடவில்லை. ஆதலின் திண்டிவனத்துக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர், திருவண்ணாமலைக்கும் விழுப்புரத்துக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் என்னும் தொலைவுகளைச் செஞ்சி மக்கள் சாலை வழியாகவே கடந்தாக வேண்டும்.

செஞ்சிப் பேருந்து நிலையத்தில் ஒரு நாழிகை நின்று பார்த்தாலே இவ்வூரின் வாழ்வு முழுவதும் விளங்கிவிடும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல்லை விற்றுவிட்டுத் திரும்பும் உழவர்கள், அவலூர்ப்பேட்டை, வளத்தி, அனந்தபுரம் எனப் பல திசைகளிலிருந்தும் வரும் மாணவ மாணவியர், விழுப்புரத்து அலுவலகங்களுக்குச் செல்லும் ஊழியர்கள், மருத்துவமனைக்குச் செல்லும் முதியோர் ஆகிய அனைவரும் அங்கே கூடுகின்றனர். அமாவாசையன்று மேல்மலையனூருக்கும் பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்கும் சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. தேய்பிறையின் முடிவிலும் வளர்பிறையின் முடிவிலும் கூட்டம் பெருகும் ஊர் இது. கோயிலுக்குச் செல்வோரும் தொழுகை முடித்து வருவோரும் மேல்சித்தாமூர்ச் சமண மடத்துக்குச் செல்வோரும் ஒரே இருக்கையில் அமர்ந்து, ஒருவர் குழந்தையை மற்றவர் மடியில் வைத்துக்கொண்டு செல்லும் காட்சி பேருந்தில் அன்றி வேறெங்கும் எளிதில் காண இயலாது.

பேருந்து பொதுவுடைமை ஆன வரலாறு

பேருந்துத் தொழில் தமிழகத்தில் தனியார் முயற்சியால் வேரூன்றியது. கோவை ஜி. டி. நாயுடு 1920ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமையால், கரியை எரித்து உண்டாக்கிய வாயுவைக் கொண்டு பேருந்துகளை ஓட்டினர். அக்காலத்து வண்டிகளைத் தள்ளிவிட்டுப் பின் ஏறிச் சென்ற கதைகளை நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1972ஆம் ஆண்டில் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்னும் பெயர்களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. 1975ஆம் ஆண்டில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. 1997ஆம் ஆண்டில் இத்தகைய தனிப்பெயர்கள் நீக்கப்பட்டு அனைத்தும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் பொதுப்பெயர் பெற்றன. அதே 1997இல் பெரிய பேருந்து நுழையாத சிற்றூர்களுக்காகத் தனியார் சிற்றுந்துத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது.

அரசு பேருந்துகளை ஏற்றதன் அடிப்படை எளிமையானது. கூட்டம் மிகுந்த நெடுவழிகளில் கிடைக்கும் வருவாயைக் கொண்டு, கூட்டம் குறைந்த சிற்றூர் வழிகளின் இழப்பை ஈடுகட்டலாம் என்பதே அது. உடையவன் பயணம் இல்லாதவன் பயணத்தைத் தாங்கும் ஏற்பாடு எனலாம். 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்பட்டது. அதனால் பேருந்தை விட்டு விலகியிருந்த பெண்கள் பலர் மீண்டும் ஏறினர். இருபது ரூபாய் மிச்சமாவது சிலர்க்குச் சிறு செய்தி; கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு அது ஒரு வேளை உணவு.

மகிழுந்து பெருகிய வகை

ஒரு காலத்தில் செஞ்சி போன்ற ஊர்களில் மகிழுந்து என்றால் மருத்துவர் வீட்டிலோ அரிசி ஆலை உரிமையாளர் வீட்டிலோ நிற்கும் அம்பாசிடரே ஆகும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1991ஆம் ஆண்டின் பொருளாதார மாற்றங்களுக்குப் பின் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன. வங்கிக் கடனும் எளிதாயிற்று. 1998 முதல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்துகள் உருவாகத் தொடங்கின. ஆயினும் 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் மகிழுந்து அல்லது ஜீப் வைத்திருந்தவை 4.7 விழுக்காடு மட்டுமே. அதன்பின் இவ்வளவு கூடியிருந்தாலும், நூற்றில் பெரும்பான்மைக் குடும்பங்கள் இன்றும் மகிழுந்து இல்லாதவை என்பதில் ஐயமில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம்

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரையிலான 28 கிலோமீட்டர்ப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் செல்லும் மகிழுந்துக்கு ஏறத்தாழ 1.9 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் எரிபொருளுக்கு மட்டும் 190 ரூபாய் ஆகும். கடன் தவணை, காப்பீடு, பழுதுபார்ப்பு, தேய்மானம் ஆகியவை தனி. 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட கட்டணத்தின்படி, விரைவுப் பேருந்தில் கிலோமீட்டருக்கு 75 காசு வீதம் இதே தொலைவுக்கு 21 ரூபாய் ஆகும். மேலும், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஓடும் மகிழுந்து எஞ்சிய 22 மணி நேரமும் நின்றுகொண்டே இருக்கிறது. இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருள் நாளின் பெரும்பகுதியில் வெயில் காய்கிறது.

அடுத்துப் புகையின் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராமும், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராமும் கரியமில வாயு வெளிப்படும். தனி ஒருவர் மகிழுந்தில் திண்டிவனம் சென்றால் அவர் பங்கு 4 கிலோகிராமுக்கு மேல். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் செல்லும் பேருந்து அதே தொலைவில் 15 கிலோகிராம் வெளியிடும். 50 பேர் அமர்ந்திருந்தால் ஒருவர் பங்கு 300 கிராம்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. அப்பேருந்தில் 15 பேர் மட்டுமே இருந்தால் ஒருவர் பங்கு ஒரு கிலோகிராம் ஆகிவிடும். நால்வர் ஒன்றாகச் செல்லும் மகிழுந்திலும் ஒருவர் பங்கு ஏறத்தாழ அதே அளவுதான். பேருந்து தன்னளவில் சிக்கனமான ஊர்தி அன்று. அதில் ஏறும் மக்களே அதனைச் சிக்கனமாக்குகின்றனர். நாம் இறங்க இறங்க அதன் சிறப்பும் இறங்குகிறது.

உயிர்ப் பாதுகாப்பையும் எண்ண வேண்டும். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள் நிகழ்ந்தன. 17,884 பேர் மாண்டனர். நாடு முழுவதும் மாண்டோரில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வண்டியில் சென்றோர். பேருந்தில் சென்றோர் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. பேருந்து வராத ஊரின் இளைஞன் உடனே மகிழுந்து வாங்குவதில்லை; இரு சக்கர வண்டியையே வாங்குகிறான். ஆதலின் ஒரு பேருந்து நின்றுபோவதால் வரும் கேட்டை இழந்த நேரத்தால் மட்டும் அளந்துவிட முடியாது.

மகிழுந்தின் நியாயம்

இவ்வளவு கூறியதால் மகிழுந்து தீயது என்பது நம் கருத்தன்று. நள்ளிரவில் நெஞ்சுவலி கண்ட தந்தையைப் பேருந்துக்குக் காத்திருக்கச் சொல்ல யாராலும் இயலாது. பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் பெண்ணுக்கும், முழங்கால் நோயால் உயரமான படியில் ஏற மாட்டாத மூதாட்டிக்கும் மகிழுந்து பேருதவி. பேருந்தின் குறைகளும் பலவாகும். குறித்த நேரத்தில் வாராமை, படியில் தொங்கும் இளைஞர்கள், நெரிசலில் பெண்கள் படும் இடர், சிற்றூர் நிறுத்தத்தில் கை காட்டியும் நில்லாது போகும் வண்டி, தூய்மையற்ற நிலையங்கள் ஆகியவற்றை நாள்தோறும் காண்கிறோம். சக்கர நாற்காலியில் இருப்போர்க்கு நம் பேருந்துகளின் படி ஒரு மலையாகவே இருக்கிறது. 2024ஆம் ஆண்டில் சென்னை மாநகரில் தாழ்தளப் பேருந்துகள் விடப்பட்டன. செஞ்சி போன்ற ஊர்களின் சாலைகளிலும் அவை ஓட வேண்டும்.

ஆகவே அவசரத்துக்கும் முதுமைக்கும் பேருந்து எட்டாத இடத்துக்கும் மகிழுந்து பொருந்தும். நாள் தவறாமல், ஒரே நேரத்தில், ஒரே வழியில், ஒருவர் மட்டும் செல்லும் பயணத்துக்கு அது பொருந்துமா என்பதே வினா.

நாங்கள் கண்டது

இவ்வினாவுக்கு எங்கள் வாழ்விலேயே ஒரு விடை கிடைத்தது. செஞ்சியை அடுத்த சிற்றூர்களில் குடியிருந்த ஆசிரியர்கள் நாங்கள் நால்வர். காலையில் சிற்றுந்தில் ஏறிச் செஞ்சிக்கு வந்து, அங்கிருந்து பெரிய பேருந்தில் கல்லூரிக்குச் செல்வது எங்கள் வழக்கம். எங்களுள் ஒருவர் மகிழுந்து வாங்கினார். நால்வரும் எரிபொருள் செலவைப் பகிர்ந்துகொண்டு அதிலேயே செல்லத் தலைப்பட்டோம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. நல்ல ஏற்பாடு என்று எங்களை நாங்களே பாராட்டிக்கொண்டோம்.

சில மாதங்கள் சென்றபின், அதே சிற்றூரிலிருந்து வந்த மாணவி ஒருவர் கடைசிப் பாடவேளையில் அடிக்கடி வகுப்பில் இல்லாததைக் கவனித்தோம். காரணம் கேட்டோம். மாலைச் சிற்றுந்தை நிறுத்திவிட்டார்கள் என்றும், அதற்கு முந்தைய வண்டியைப் பிடிக்காவிட்டால் இருட்டில் ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றும் கூறினார். வார இறுதியில் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் அச்சிற்றுந்தின் நடத்துநரைக் கண்டு, ஏன் நிறுத்தினீர்கள் என்று வினவினோம். அவர் கோபம் கொள்ளவில்லை.

“நீங்க நாலு பேர் போயிட்டீங்க சார். பேங்க்காரரு போயிட்டாரு. கடைக்காரங்க ரெண்டு பேரு பைக் வாங்கிட்டாங்க. பத்து டிக்கெட் குறைஞ்சா சாயங்கால டிரிப்புக்கு டீசல் காசே வரல. ஓனர் என்ன பண்ணுவாரு?” என்றார்.

எங்களால் மறுமொழி கூற இயலவில்லை. ஒரு வண்டியை ஓட்டுவதா நிறுத்துவதா என்பதைக் கிலோமீட்டருக்கு இவ்வளவு வருவாய் என்னும் கணக்கே முடிவு செய்கிறது. முழுக் கட்டணம் செலுத்துவோர் விலகினால் வருவாய் குறையும். வருவாய் குறைந்தால் நடைகள் குறையும். நடைகள் குறைந்தால் எஞ்சியோரும் விலகுவர். யாரும் யாருக்கும் தீங்கு எண்ணாமலே ஒரு சிற்றூரின் வழி அடைபட்டுவிடும். குறை கூறுவதற்கு எழுத்தறிவும் செல்வாக்கும் உடையோர் முதலில் இறங்கிவிடுகின்றனர்; குரலற்றோர் மட்டும் எஞ்சுகின்றனர்.

அம்மாணவி செஞ்சியில் இருந்த தம் அத்தை வீட்டில் தங்கிப் படிப்பை முடித்தார். ஆனால் அவருடைய தங்கையைப் பெற்றோர் கல்லூரிக்கு அனுப்பவில்லை. அந்தப் பெண்ணின் படிப்பை நாங்கள் நிறுத்தினோம் என்று எவரும் எங்கள்மேல் பழி சொல்ல மாட்டார்கள். ஆயினும் அவள் படிப்புக்கு வேண்டியிருந்த பத்துப் பயணச்சீட்டுகளில் நான்கு எங்களுடையவை என்பதை நாங்கள் அறிவோம்.

பிற நாடுகள் தரும் பாடம்

நம் மக்கள் பலர் பணி செய்யும் சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு முதல் மகிழுந்து வாங்க உரிமைச் சான்று ஒன்றை ஏலத்தில் பெறவேண்டும். அதன் காலம் பத்து ஆண்டு. அந்நாடு பேருந்தையும் தொடர்வண்டியையும் செம்மையாக அமைத்ததால், அலுவலரும் தொழிலாளரும் ஒரே வண்டியில் செல்கின்றனர். அண்டை நாடான இலங்கையில் 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது மகிழுந்துகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. எரிபொருளைப் பங்கீட்டு முறையில் வழங்க நேர்ந்தது. வீட்டுக் கிணறு வற்றும் நாளில் ஊருணியைத் தேடுவோம். அதை அதுவரை காத்து வைத்திருந்தால்தான் நீர் இருக்கும்.

கோட்டைக்கு வந்த புகழ்

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலப் படைக்கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. தமிழகத்தில் உள்ளது செஞ்சி ஒன்றே. 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை, பின்னர் எட்டு ஆண்டுகள் மொகலாயர் முற்றுகையைத் தாங்கிய கோட்டை என்னும் பெருமை இதற்குண்டு. இனி வருவோர் பெருகுவர். அவரவர் தனித்தனி மகிழுந்தில் வந்தால் 50 பேருக்கு 50 வண்டிகள். ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நிறுத்தினாலும் 200 மீட்டர் நீளும். ஒரு பேருந்துக்கு 12 மீட்டர் போதும். எந்தப் படைக்கும் எளிதில் வழிவிடாத கோட்டைவாயில் வாகன நெரிசலால் அடைபடுமாயின் அது நமக்குப் பெருமை ஆகாது. பேருந்து நிலையத்துக்கும் கோட்டைக்கும் இடையே அடிக்கடி சிற்றுந்துகள் விடப்பட்டால் வருவோர்க்கும் நலம். வழியிலுள்ள ஊரார்க்கும் நலம்.

செய்யத் தக்கவை

மாணவர்களே, பேருந்தில் செல்வது வறுமையின் அடையாளம் என்னும் எண்ணத்தை முதலில் களையுங்கள். படியில் தொங்காமல் உள்ளே சென்று முதியோர்க்கு இடம் கொடுங்கள். நீங்கள் நடந்துகொள்ளும் முறையைக் கண்டே பலர் பேருந்தை விரும்புவதும் வெறுப்பதும் நிகழ்கின்றன. ஆசிரியர்களே, கடைசிப் பாடவேளை முடியும் நேரத்தையும் கடைசி வண்டி புறப்படும் நேரத்தையும் அருகருகே எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். வகுப்புக்கு வாராமைக்குக் காரணம் பல வேளைகளில் அங்கேயே கிடைக்கும். ஊர்ப் பெரியோர்களே, உங்கள் இல்லத்தில் மகிழுந்து இருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாளாவது பேருந்தில் ஏறுங்கள். நீங்கள் ஏறினால் இருக்கை கிழிந்திருப்பது உங்கள் கண்ணில் படும். நீங்கள் எழுதும் விண்ணப்பத்துக்கு அலுவலகத்தில் மதிப்பும் இருக்கும்.

நாங்கள் நால்வரும் இப்போது வாரத்தில் மூன்று நாள் சிற்றுந்தில் செல்கிறோம். முழுமையாகத் திரும்பிவிட்டோம் என்று எழுத இயலவில்லை. வசதிக்குப் பழகிய உடம்பு எளிதில் இணங்குவதில்லை. மாலை நடை இன்னும் மீண்டும் தொடங்கவில்லை. இன்னும் ஆறு பேர் நிலையாக வந்தால் தொடங்குவதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார். அந்த ஆறு பேரையே இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.